துணைக்கு மொக்கம்மாள்

தேவாரத்துக்கு மேற்கே, மலை இறங்கி வந்து தென்னந்தோப்பைத் தொடுகிற இடத்தில் இருக்கிறது அந்த ஊர். அங்கே யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் டாக்டருக்குப் போன் போகும் முன் மொக்கம்மாளுக்கு ஆள் போகும். அவள் வைத்தியம் பார்ப்பவள் அல்ல, மந்திரிப்பவளும் அல்ல. துணைக்குப் போகிறவள். அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவுதானை அவள் செய்கிற அழகைப் பார்க்க வேண்டும்.

அந்தப் பக்கத்தில் யாரும் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போக மாட்டார்கள். தனியாகப் போனால் ஒன்று நாதியில்லாதவர் என்று அர்த்தம், இல்லை என்னத்தையோ மறைக்கிறார் என்று அர்த்தம். இரண்டில் எது வாய்த்தாலும் ஊர் மென்று தின்றுவிடும். ஆகவே தலைவலி என்றாலும் கூடவே ஒருத்தர் போவார். போகிறவர் சும்மா போவதில்லை. நோயை டாக்டரிடம் எடுத்துச் சொல்வது அவர் பொறுப்பு. நோயாளியின் பொறுப்பு தலையை ஆட்டுவது. இந்த ஏற்பாட்டில் யாருக்கும் குறையில்லை, டாக்டர்களைத் தவிர.

மொக்கம்மாள் கம்பமெட்டு வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் வேலைக்குப் போகிறவள். ஐம்பதை எட்டிப் பார்க்கும் வயது. புருஷன் நல்லகண்ணு இரண்டு மாடுகளோடு சுகமாக இருக்கிறவர், அதிகம் பேசாதவர். பேசுவதற்கு அந்த வீட்டில் இடமில்லை என்பதும் ஒரு காரணம். யாருக்காவது காய்ச்சல் என்று ஆள் வந்தால் மொக்கம்மாள் அன்றைய ஜீப்பை விட்டுவிடுவாள். அதற்கென்றே வைத்திருக்கும் கத்தரிப்பூக் கலர் சேலையைக் கட்டி, ஒயர் கூடையில் பிளாஸ்க், துண்டு, பஸ்ஸில் குமட்டினால் மோந்து பார்க்க எலுமிச்சம்பழம் எல்லாம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். சம்பளம் போகிறதே என்று நல்லகண்ணு ஒருநாள் கேட்டதற்கு, கல்யாண வீட்டுக்குப் போறவகளைப் போய் இப்படிக் கேட்பீகளா என்று திருப்பிக் கேட்டாள். அவளுக்கு ஆஸ்பத்திரி கல்யாண வீடுதான்.

அவள் நோயைச் சொல்லும் விதம் தனி. இரண்டு நாள் காய்ச்சல் அவள் வாயில் எட்டு நாளாகும். லேசான வலி உயிரைப் பிடுங்கும் வலியாகும். இதில் பொய் சொல்கிற எண்ணமே அவளுக்குக் கிடையாது. சின்னதாகச் சொன்னால் டாக்டர் சின்ன மாத்திரைதான் தருவார் என்பது அவள் நம்பிக்கை. ஊர்ப் பையன் ராஜபாண்டி பைக்கிலிருந்து விழுந்து முழங்கால் சிராய்த்துக்கொண்டபோது அவள் சொன்ன சொல்லில் அவனைப் படுக்கவைத்துப் பாட்டில் ஏற்றிவிட்டார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கால் சுளுக்கிய ஒருவரைக் கூட்டிப்போனபோது, தோட்டத்தில் கற்ற மலையாளத்தைச் சேர்த்துக்கொண்டு, பொல்லாத வலி என்பதை ‘வல்லாத்த வேதனை சாறே’ என்று அவள் முழங்கியதில் அந்த டாக்டர் அரண்டுபோய் நல்ல காலையும் சேர்த்து எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்.

போகும்போது ஒரு கச்சேரி என்றால் வரும்போது ஒரு கச்சேரி. திரும்பும் பஸ்ஸில் நோயின் பெயர், டாக்டர் முகம் போன போக்கு, ஊசி போட்ட இடம் என்று ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டு வருவாள். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழிக்காமல் நின்று கேட்பார். சுந்தர்ராஜ் வாத்தியாரின் மூல நோய் அப்படித்தான் தேவாரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தெரிந்தது. மறுநாள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவர் நாற்காலியில் தலையணை போட்டு வைத்திருந்தார்கள். மனுஷன் அந்த மாதம் முழுக்க நின்றுகொண்டே பாடம் நடத்தினார். மொக்கம்மாளுக்கு அவர் ஏன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்பது விளங்கவே இல்லை. குணமாகிவிட்டதே, அப்புறம் என்ன?

மலையடிவாரத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே டாக்டருக்குப் படித்து முடித்தவர்கள் வந்து மேலும் இரண்டு வருஷம் குடும்ப மருத்துவம் படிக்கிறார்கள். பெரிய டாக்டர்கள் எட்டிப் பார்க்காத ஊர்களில் தனி ஆளாய் நின்று பிள்ளைக் காய்ச்சல், பிரசவம், பாம்புக்கடி, கிழவர்களின் சர்க்கரை என்று வருவதையெல்லாம் பார்க்கப் பழக்குகிற படிப்பு. பயிற்சி டாக்டர்களை வாரத்தில் ஒருநாள் மேகமலைத் தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளுக்கு அனுப்புவார்கள். வியாழக்கிழமைதோறும் மொக்கம்மாளின் ஊரில், பஞ்சாயத்து விட்டுக்கொடுத்த இரண்டு அறைக் கட்டடத்தில் கிளினிக் நடக்கும்.

இதற்கெல்லாம் தலைவர் டாக்டர் ஜான் பீட்டர். பக்கத்துக் கிறித்தவ ஊரில் பிறந்தவர், இந்த ஜனத்தை நன்றாக அறிந்தவர். புதிதாக வருகிற பயிற்சி டாக்டர்களுக்கு அவர் முதலில் சொல்வது இதுதான்: நோயாளியிடம் தனியாகப் பேசு, கூட வந்தவரை வெளியே அனுப்பு என்று புத்தகத்தில் போட்டிருக்கும், இங்கே அப்படி அனுப்பினால் இரண்டு பேரும் சேர்ந்தே போய்விடுவார்கள். ஆகவே கூட வந்தவரை உட்காரவைத்துக்கொண்டே நோயாளியின் குரலைக் கேட்கப் பழகுங்கள். இப்படிச் சொல்லிவிட்டு அவர்களை மொக்கம்மாளிடம் அனுப்பிவைப்பார். படிப்பில் எத்தனையோ பாடங்கள் உண்டு, மிகக் கஷ்டமானது மொக்கம்மாள்தான் என்று பயிற்சி டாக்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். ஆண்டனி ராஜ் என்ற பையன் அவளைச் சமாளிக்க முடியாமல், ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையை அவள் கையிலேயே சுற்றி, பேசினால் அளவு தப்பாகக் காட்டும் என்று பயமுறுத்திப் பார்த்தான். அவள் தலையை ஆட்டியபடியே பேசினாள்.

சுபாஸ்ரீ கோயம்புத்தூர்ப் பெண். சின்ன உருவம், மெல்லிய குரல். முதல் வியாழக்கிழமை மொக்கம்மாள் சொன்னதை நம்பி, வெறும் சளிக்கு வந்த முருகம்மாளை ஆம்புலன்ஸில் ஏற்றப் பார்த்தவள். அன்றைக்குச் சாயங்காலம் அழுதாள் என்று நர்ஸ் சொன்னார். ஆனால் பெண் கெட்டி. ஒரு மாதத்தில் வழி கண்டுபிடித்துவிட்டாள். மொக்கம்மாளைத் தடுக்கவே மாட்டாள். முழுக்கச் சொல்ல விடுவாள், நடுவில் ‘அப்புறம்ங்க அக்கா?’ என்று எடுத்தும் கொடுப்பாள். எல்லாம் கொட்டி முடிந்து மொக்கம்மாள் தண்ணீர் குடிக்கிற நேரம் பார்த்து நோயாளியிடம் திரும்பி, அக்கா சொன்னதில் எது சரி, எது தப்பு என்று கேட்பாள். பிறந்ததிலிருந்து யாரும் அப்படிக் கேட்டிராத ஜனம் அது. எட்டு நாள் இல்லை, ரெண்டு நாள்தான் என்று வெட்கத்தோடு தொடங்கி, வீட்டில் மருமகள் பேசாதது வரைக்கும் சொல்லிவிடுவார்கள்.

மொக்கம்மாளுக்கு இதில் வருத்தமே இல்லை. தன் பேச்சை இவ்வளவு ரசித்துக் கேட்ட டாக்டர் யாருமில்லை என்று சுபாஸ்ரீயைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டாள். வியாழக்கிழமை காலையில் நோயாளி யாரும் அகப்படவில்லை என்றால் ஊருக்குள் தேடிப் பிடித்துக் கூட்டி வருவாள். நன்றாக இருந்த நாலைந்து பேருக்கு அவளால்தான் சர்க்கரை இருப்பது தெரிய வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இப்படிப்பட்டவளுக்குத்தான் இடது மாரில் ஒரு கட்டி வந்தது.

தோட்டத்திலிருந்து வந்து குளிக்கும்போது கைக்குத் தட்டுப்பட்டது. அக்குளை ஒட்டி, கொட்டைப்பாக்கு அளவு. அமுக்கினால் உருண்டது. கொசுக்கடி என்று நினைத்துக்கொண்டாள். அடுத்த அமாவாசைக்குள் அது நெல்லிக்காய் அளவு வந்திருந்தது. மொக்கம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்தவர் கட்டி என்றால் அரை மணியில் சேலை மாற்றிக் கிளம்பியிருப்பாள். தன் கட்டியை என்ன செய்வது என்று தெரியவில்லை.

தனியாகப் போக முடியாது, ஊர் மென்றுவிடும். துணைக்கு ஆள் கூட்டிப் போனால் அந்த ஆள் டாக்டரிடம் சொல்லும், பிறகு பஸ்ஸில் சொல்லும். துணைக்கு வருகிறவர்கள் என்னவெல்லாம் செய்வார்கள் என்பது இந்த உலகத்தில் மொக்கம்மாளைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? யோசித்துப் பார்த்தாள். எதிர்வீட்டு யுவராணிக்கு வாய் சரியில்லை. முருகம்மாள் ஆம்புலன்ஸ் கணக்கைத் தீர்த்துக்கொள்வாள். நல்லகண்ணுவிடம் சொன்னால் மனுஷன் மாட்டைக் கட்டிக்கொண்டு அழுவார். பஸ்ஸில் முன் சீட்டிலிருந்து பின் சீட்டு வரை தன் மார் போய் வருவதை நினைத்தபோது அவளுக்குக் காது சூடாகிவிட்டது. வாத்தியார் ஏன் பேசவில்லை என்பது அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது. பாவம், மனுஷன்.

அப்போதுதான் சுபாஸ்ரீக்குக் கடைசிப் பரீட்சை என்ற செய்தி வந்தது. வெளியூரிலிருந்து பெரிய டாக்டர் ஒருவர் வந்து வியாழக்கிழமை கிளினிக்கில் உட்கார்ந்து, வருகிற நோயாளியை சுபாஸ்ரீ எப்படிப் பார்க்கிறாள் என்று கவனிப்பாராம். அது முடிந்தால் படிப்பு முடிந்தது, பெண் ஊருக்குப் போய்விடும். மொக்கம்மாள் மனசில் மணி அடித்தது. இந்த ஊரைவிட்டுப் போகப்போகிற ஆளிடம் சொன்னால் ரகசியமும் கூடவே பஸ் ஏறி கோயம்புத்தூருக்குப் போய்விடும் அல்லவா? இதைவிட நல்ல இடம் கிடைக்காது. அதிலும் தன் கட்டி என்று சொல்ல வேண்டியதில்லை. வேறு ஒருத்தியைக் கூட்டிப்போய், அவளுக்கு என்று சொல்லி, மருந்து சீட்டை வாங்கி வந்து தான் சாப்பிட்டுக்கொண்டால் ஆயிற்று. இத்தனை வருஷம் டாக்டர்களோடு பழகியும் அவள் மருத்துவத்தைப் பற்றி இவ்வளவுதான் புரிந்துவைத்திருந்தாள்.

ஆள் பிடிப்பது கஷ்டமாக இல்லை. கொழுந்தன் பொண்டாட்டி இருளம்மாள் பக்கத்து வீடு. வாய் திறக்காதவள், சொன்னதைக் கேட்பவள். ஒரே குறை, உடம்பு மாட்டு வண்டிச் சக்கரம் மாதிரி திடமாக இருக்கும். நீ ரொம்ப மெலிஞ்சுபோயிட்ட, வா டாக்டரம்மாவைப் பார்த்துட்டு வருவோம் என்று மொக்கம்மாள் சொன்னபோது, அப்போதுதான் மூன்றாவது தடவை சோறு போட்டுக்கொண்டிருந்த இருளம்மாள் கவலையோடு கையைக் கழுவிவிட்டுக் கிளம்பினாள்.

கிளினிக் அன்றைக்குக் களை கட்டியிருந்தது. ஓரத்தில் பெரிய டாக்டர், கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறவர், கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்திருந்தார். பக்கத்தில் ஜான் பீட்டர். மொக்கம்மாள் வாசலில் தெரிந்ததும் ஜான் பீட்டர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். அவளா வர வேண்டும், அதுவும் இன்றைக்கா?

சுபாஸ்ரீ வழக்கம்போல உட்காரச் சொல்லி, சொல்லுங்க என்றாள். மொக்கம்மாள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“இவளுக்கு இடது மாருல ஒரு கட்டி, டாக்டரம்மா.”

“எனக்கா?” என்றாள் இருளம்மாள்.

மொக்கம்மாள் அவள் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளிவிட்டு மேலே சொல்லிக்கொண்டே போனாள். வலி இல்லை, ஆனால் கட்டி இருக்கிறது. கொட்டைப்பாக்காக இருந்தது நெல்லிக்காயாகிவிட்டது. இருளம்மாள் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. தன் மாரை யாருக்கும் தெரியாமல் தடவிப் பார்த்தாள், அகப்படவில்லை, அகப்படாததால் இன்னும் பயந்தாள். சுபாஸ்ரீ அவளைத் திரைக்குப் பின்னால் அழைத்துப் போய்ப் பார்த்தாள். திரைக்குள்ளிருந்து முதலில் விசும்பல் வந்தது, பிறகு கீச்சென்று ஒரு சிரிப்பு வந்தது. இருளம்மாளுக்கு அக்குளில் கூச்சம் அதிகம். பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஒன்றும் தட்டுப்படவில்லையே என்று சுபாஸ்ரீ உள்ளேயிருந்து சொன்னாள். நல்லாப் பாருங்க, இன்னும் கொஞ்சம் மேலே, அக்குளை ஒட்டி, விரலை வச்சா நழுவி ஓடும் என்று மொக்கம்மாள் வெளியேயிருந்து வழி சொன்னாள். சுபாஸ்ரீ திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். மொக்கம்மாளின் வலது கை அவளுடைய சொந்த இடது பக்கத்தில், சேலைக்கு மேலே, சரியாக அந்த இடத்தில் இருந்தது. விரல்கள் எதையோ தேடிப் பிடிப்பதுபோல அசைந்துகொண்டிருந்தன. அவளுக்கே அது தெரியாது.

சுபாஸ்ரீ ஒரு நிமிஷம் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு இருளம்மாளிடம், நீங்க போய் வெளியில நர்ஸ்கிட்ட எடை பாருங்க, அப்படியே டீ குடிச்சுட்டு மெதுவா வாங்க என்று அனுப்பிவைத்தாள். கதவைச் சாத்தினாள். பெரிய டாக்டரின் புருவம் ஏறி நெற்றிக்குப் போனது. பரீட்சை நடக்கும்போது நோயாளியையே வெளியே அனுப்பிவிட்டு, கூட வந்தவளை உள்ளே வைத்துக்கொள்ளும் டாக்டரை அவர் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. ஜான் பீட்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

சுபாஸ்ரீ தன் நாற்காலியை மொக்கம்மாளுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஊருக்கே பேசுகிற அந்த வாய் ஒட்டிக்கொண்டுவிட்டது. உங்களுக்கா என்று சுபாஸ்ரீ கேட்டிருந்தால் மொக்கம்மாள் எழுந்து போயிருப்பாள். அவள் அப்படிக் கேட்கவில்லை.

“இருளம்மாளுக்கு இதுல என்ன பயம்ங்க அக்கா?”

மொக்கம்மாள் பிளாஸ்க்கின் மூடியைத் திருகினாள், மறுபடியும் மூடினாள்.

“அவளுக்குச் சாகுறதப் பத்திப் பயமில்ல டாக்டரம்மா. அவ புருசனுக்கு அடுப்புப் பத்த வைக்கத் தெரியாது. ஊருல யாருக்கும் ஆசுபத்திரியில எந்த வரிசையில நிக்கணும்னு தெரியாது. அம்புட்டுப் பேரும் அவள நம்பி இருக்காக. அவளுக்கே வந்துட்டா, அவளுக்கு யாரு இருக்கா? அத நெனச்சுத்தான் இருளம்மா அழுகுறா.”

சொல்லும்போதே மொக்கம்மாள் அழுதுகொண்டிருந்தாள். மேஜையில் இருந்த கைக்கடிகாரத்தில் மணி அடித்தது. கொடுத்த நேரம் முடிந்துவிட்டது. பெரிய டாக்டர் கையை நீட்டி மணியை நிறுத்தினார். சுபாஸ்ரீ அதைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. மொக்கம்மாளின் கையைப் பிடித்து, வாங்க அக்கா, இருளம்மாளை நான் ஒருதடவை பார்த்துடறேன் என்று திரைக்குப் பின்னால் கூட்டிப் போனாள்.

கட்டி இருந்தது. வழுவழுப்பாக, விரலுக்குக் கீழே நழுவி ஓடியது. இந்த மாதிரிக் கட்டி பெரும்பாலும் கெடுதல் செய்யாது என்றும், ஆனால் பெரும்பாலும் என்பதை நம்பி வீட்டில் உட்காரக் கூடாது, தேனிக்குப் போய் ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும் என்றும் சுபாஸ்ரீ நேராகச் சொன்னாள். மாத்திரை மட்டும் எழுதிக் கொடுத்தால் போதும் என்று மொக்கம்மாள் கெஞ்சினாள். அந்த மென்மையான குரலுக்குள் இவ்வளவு பிடிவாதம் இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை.

“நீங்க ஊருக்குப் போயிருவீகன்னுதான் உங்ககிட்ட வந்தேன். யாருக்கும் தெரியாம உங்களோடயே போயிரும்னு பாத்தேன்.”

“நான் போகலைங்க அக்கா. இதே கிளினிக்லயே வேலை வேணும்னு கேட்டு வாங்கியிருக்கேன். வர்ற மாசத்துல இருந்து இங்கயேதான்.”

மொக்கம்மாளுக்கு வந்ததே கோபம். மோசம் போய்விட்டோம் என்று நினைத்தாள். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் வாயைத் திறந்திருக்கவே மாட்டேன் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். இரண்டு வருஷத்துக்கு மேல் எந்த டாக்டரும் நிலைக்காத ஊருக்கு ஒரு டாக்டர் நிலைத்ததற்கு அந்த ஊரில் வருத்தப்பட்ட ஒரே ஆள் அவள்தான், அதுவும் ஒரு சாயங்காலம் மட்டும்.

அவள் போன பிறகு பெரிய டாக்டர் சுபாஸ்ரீயிடம், நோயாளியை ஏன் வெளியே அனுப்பினீர்கள் என்று கேட்டார். அனுப்பவில்லை சார், உள்ளேதான் வைத்திருந்தேன் என்றாள் அவள். அவர் கடிகாரத்தைக் கையில் கட்டிக்கொண்டே ஜான் பீட்டரைப் பார்த்தார். ஜான் பீட்டர் கண்ணைத் திறந்திருந்தார். பாஸ் என்பதைப் பெரிய டாக்டர் வாயால் சொல்லக் கொஞ்ச நேரம் ஆனது, ஏனென்றால் அதற்கு முன்னால் அவர் சிரித்து முடிக்க வேண்டியிருந்தது.

ஊருக்குள் அதற்குள் விஷயம் பரவிவிட்டது, ஆனால் மாறிப் பரவியது. இருளம்மாள் கிளினிக்கிலிருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்ததைப் பார்த்தவர்கள் ஆளுக்கொன்று சேர்த்துக்கொண்டார்கள். அவள் வீட்டுக்கு ஹார்லிக்ஸ் பாட்டில் வந்தது. பன்னீர் திராட்சை வந்தது. முருகம்மாள் நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்துக்கொண்டு வந்தாள். மாடு மேய்த்துவிட்டு வந்த நல்லகண்ணு, இருளம்மாளின் புருஷனான தன் தம்பி தோளில் கையைப் போட்டு, மனசைத் தளர விடாதே என்றார். மொக்கம்மாள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி இருந்தாள், மறுக்கவா முடியும்? இருளம்மாளோ வந்ததையெல்லாம் சாப்பிட்டாள்.

கோபம் ஆறி ஸ்கேனுக்குச் சம்மதித்த மொக்கம்மாளிடம், அன்றைக்குத் தானே கூட வருவதாக சுபாஸ்ரீ சொல்லியிருந்தாள். கடைசி நேரத்தில் மேகமலையில் ஒரு பிரசவம் என்று ஜீப்பில் போக வேண்டியதாகிவிட்டது. மொக்கம்மாள் கூடையோடு பஸ் ஸ்டாப்பில் தனியாக நின்றாள். திரும்பிவிடலாம் என்று நினைத்தபோது, புதுச்சேலை கட்டிக்கொண்டு இருளம்மாள் வந்து பக்கத்தில் நின்றாள்.

“நீ எங்கடி வார?”

“எனக்குத்தானக்கா ஸ்கேனு. ஊரே சொல்லுது. நான் இல்லாம எப்படிப் போவீக?” என்றாள் இருளம்மாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “என் மாருல கட்டி இல்லைன்னு எனக்குத் தெரியாதா? அன்னைக்கே தெரியும். நீங்களாச் சொல்லுவீகன்னு இருந்தேன்” என்றாள்.

தேனி பஸ் வந்ததும் இரண்டு பேரும் ஏறினார்கள். ஸ்கேன் சென்டரில் நர்ஸ் வந்து பேஷண்ட் யாரு என்று கேட்டதும், பழக்கதோஷத்தில் இருளம்மாள் எழுந்துவிட்டாள். மொக்கம்மாள் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். உள்ளே இருந்த லேடி டாக்டர் என்ன தொந்தரவு என்று கேட்டார். இருளம்மாளுக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. இத்தனை வருஷம் மொக்கம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதெல்லாம் உள்ளே ஊறிக் கிடந்திருக்கும் போலிருக்கிறது. அவள் கையை விரித்துக்கொண்டு, ரொம்ப நாளா அவஸ்தப்படுறாக டாக்டரம்மா, தேங்கா அளவுக்கு ஒரு கட்டி, சோறு தண்ணி இல்ல, என்று மடமடவென்று எடுத்துவிட்டாள்.

“ஏய், நீ சும்மா இரு,” என்றாள் மொக்கம்மாள். “எனக்குத்தான வந்திருக்கு. நான் சொல்றேன்.”

சொன்னாள். இடது பக்கம். நெல்லிக்காய் அளவு. வலி இல்லை. பயமாக இருக்கிறது. அவ்வளவுதான். மொக்கம்மாள் ஒரு நோயை அவ்வளவு சுருக்கமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஸ்கேன் பெட்டியின் திரையில் கருப்பாக ஒரு வட்டம் தெரிந்தது. டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மொக்கம்மாள் இருளம்மாளின் கையைப் பிடித்திருந்த பிடியில் வளையல் ஒன்று உடைந்தது. இது தண்ணிக் கட்டி, பொல்லாதது இல்லை என்றார் டாக்டர். உறுத்துகிறது என்றால் இப்போதே எடுத்துவிடலாம் என்று சொல்லி ஒரு மெல்லிய ஊசியை விட்டு இழுத்தார். பழுப்பாகத் தண்ணீர் வந்தது. கட்டி இருந்த இடத்தில் கட்டி இல்லை. மொக்கம்மாள் தடவிப் பார்த்தாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். உள்ளே எங்கேயாவது ஒளிந்துகொண்டதா என்று சந்தேகப்பட்டுக் கேட்டாள். எங்கும் இல்லை, போய்விட்டது, இரண்டு மாதம் கழித்து ஒருதடவை வந்து காட்டுங்கள் என்றார் டாக்டர்.

வெளியே வந்து நடையில் நின்று இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தேங்கா அளவா என்று மொக்கம்மாள் கேட்டாள். அவ்வளவுதான், சிரிப்பு பிடித்துக்கொண்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், உட்கார்ந்து சிரித்தார்கள். வாட்ச்மேன் வந்து இது ஆஸ்பத்திரிம்மா என்றார். அவரைப் பார்த்ததும் இன்னும் அதிகமாகிவிட்டது. பஸ் ஸ்டாண்டில் ஆளுக்கு இரண்டு பருத்திப்பால் குடித்தார்கள். செத்துவிடுவோம் என்று நினைத்து ஒரு மாதம் சாப்பிடாமல் இருந்தவளுக்கு உலகத்தில் இருக்கிற எல்லாமே திங்கிற பொருளாகத் தெரிந்தது.

தேவாரம் பஸ் கூட்டமாக இருந்தது. மொக்கம்மாளால் எவ்வளவு நேரம் அடக்க முடியும்? சின்னமனூர் தாண்டுவதற்குள் வாய் திறந்துவிட்டது. ஆனால் இந்தத் தடவை அவள் சொன்னது தன் கட்டியை. ஒளித்து வைத்தது, இருளம்மாளைப் பேஷண்டாக்கிக் கூட்டிப் போனது, திரைக்குள் இவள் சிரித்தது, ஹார்லிக்ஸ் பாட்டில் எல்லாவற்றையும் சொன்னாள். பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். பின் சீட்டு வரைக்கும் தன் மார் போய் வந்தது. மொக்கம்மாளுக்குக் காது சூடாகவே இல்லை.

முன் சீட்டில் ஜன்னலோரமாக ஒருத்தி இருந்தாள், முன்பின் தெரியாத முகம், முப்பத்தைந்து வயது இருக்கும். அவள் மட்டும் சிரிக்கவில்லை. இறங்குகிற இடம் வந்து எல்லோரும் மூட்டை முடிச்சுகளை எடுத்துக்கொண்டிருந்தபோது அவள் மெதுவாகத் திரும்பினாள்.

“அந்த டாக்டரம்மா என்னைக்கு இருப்பாக? எனக்குத் தெரிஞ்ச பொண்ணு ஒருத்திக்கு. அதான் கேக்கேன்.”

மொக்கம்மாள் வாயைத் திறந்தாள். யாரு, எந்த ஊரு, என்ன செய்யுது, எத்தனை நாளா, எல்லாம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டன. அந்தப் பெண்ணின் கை அடிவயிற்றில் மடிந்து கிடந்தது. மொக்கம்மாள் அந்தக் கையைப் பார்த்தாள். வந்ததையெல்லாம் விழுங்கினாள். இத்தனை வருஷத்தில் அவள் செய்த மிகக் கஷ்டமான வேலை அதுதான்.

“வியாழக்கிழமை,” என்றாள், அந்தப் பெண்ணுக்கு மட்டும் கேட்கிற குரலில். “அந்தப் பொண்ண வரச் சொல்லு ஆத்தா. துணைக்கு ஆள் இல்லைனா நான் வாறேன். வந்து வெளியிலயே உக்காந்துக்கிறேன்.”